காலையில் போய் மத்தியானம் திரும்பிய இன்டர்நெட்

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். நான் பார்த்த வேலை எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. டெலிபோன் வரும் செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு வீடாகப் போய் மோடம் மாட்டுவேன். மாட்டிய மோடம் மக்கர் பண்ணினால் மறுபடி போய்ப் பார்ப்பேன். இப்போது எல்லா இடத்திலும் கண்ணாடி இழை. செம்புக் கம்பியை மண்ணிலிருந்து உருவி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தென்னூரில் சின்னதாக ஒரு கடை போட்டு, கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பழைய குழுவுக்கு இன்னும் ஒரு வாட்ஸப் இருக்கிறது. இழை இழுக்கப் புதிதாகச் சேர்ந்த தம்பிகளும் அதில் உண்டு. போன வாரம் அவர்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, அந்தக் காலத்து மோடம் அப்படி என்னதாண்ணே செய்யும்? ஏன் எல்லா வீட்லயும் அதைத் திட்டிக்கிட்டே இருந்தாங்க?" அவன் 'அந்தக் காலம்' என்று சொன்னது அவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்த காலத்தை. சரி, ஒரு தடவை எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். பிறகு ஐ.டி.ஐ., பிறகு கம்பெனிப் பயிற்சி. கம்பியின் தோலை நகம் படாமல் சீவவும், ஏணியில் ஒரு கையை விட்டு நிற்கவும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.சி. வகுப்பில் தூங்காமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதில் கொஞ்சம் சுமார்தான்.

முதல் சம்பளத்தோடு ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்: "காசு குடுக்குறாய்ங்க, சரி. எதுக்குடா குடுக்குறாய்ங்க?"

"கம்ப்யூட்டருக்கு ரெண்டே வார்த்தைதாம்ப்பா தெரியும். உண்டு, இல்லை. செம்புக் கம்பிக்கு அது புரியாது. அதுக்கு அலைதான் தெரியும், நம்ம பேச்சு போற மாதிரி. இந்த உண்டு-இல்லையை அலையா மாத்திக் கம்பியில விடுறது வீட்டு மோடம். அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சுல இன்னொண்ணு உக்காந்துக்கிட்டு, அலையைத் திருப்பி உண்டு-இல்லையா மாத்தும். வேற ஒண்ணுமில்ல."

அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். "அடப் போடா, துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் புடிக்கிறது!" என்றார். "வெலைய வாயால சொல்ல மாட்டோம். விரலாச் சொல்லுவோம். அவன் அங்கிட்டு வெலையா எடுத்துக்குவான்."

"அதேதாம்ப்பா."

"மாட்டுன ஒடனே லைட்டு மினுக்குமாமே, அது என்னாது?"

"ரெண்டு மோடமும் பேசிக்குதுங்க. இந்தக் கம்பி எவ்வளவு வேகம் தாங்கும்னு."

"வெலை படியற வரைக்கும் விரலு ஆடிக்கிட்டுத்தான் கெடக்கும். படிஞ்சா நின்னுரும்."

அதற்குப் பிறகு எந்த வீட்டில் யார் கேட்டாலும் இதையேதான் சொன்னேன். விளக்கு மினுக்கினால் பேரம் நடக்கிறது, நின்று எரிந்தால் படிந்துவிட்டது. மினுக்கிக்கொண்டே இருந்தால் நடுவில் யாரோ சத்தம் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

சத்தம் விதவிதமாக வரும். தென்னூரில் ஒரு துணிக்கடையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் விழுந்தது. ஒரே கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் சேர்ந்து வருவதால், இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா வைப்போம். போய்ப் பார்த்தால் டப்பாவைக் காணோம். சவூதியிலிருந்து லீவில் வந்த முதலாளியின் தம்பி கழற்றி டிராயரில் போட்டிருக்கிறார். "ஜித்தாவுல என் ரூம்ல இந்த டப்பாவே கிடையாது தம்பி" என்று என்னிடமே வாதாடினார். லால்குடியில் ஒரு நெல் வியாபாரி, பக்கத்து வீட்டுக்காரன் வைஃபையைத் திருடுகிறான் என்று மோடத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "ரெண்டு நாளா நெட்டே வரலைங்க" என்றார். "யாருக்குமே வராதுங்க" என்றேன். "அப்ப அவனுக்கும் வரலைல்ல?" என்று ஒரு திருப்தியோடு கேட்டுக்கொண்டார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் மும்தாஜ் மேடம். தென்னூர்க்காரர். காலையில் எக்ஸ்சேஞ்ச் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், உள்ளே இஞ்சி டீ. மூடியைக் கழற்றி அதில் டீயை ஊற்றி வைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் அன்றைய புகாரைச் சொல்லி முடிக்கும்வரை அதைத் தொட மாட்டார். மேடத்தின் டீ ஆறிப்போகக் கூடாது என்பதற்காகவே நாங்கள் கதை அளக்காமல் சொல்லுவோம். சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. நம் பாஷையில் சொல்லக் கூடாது. 'லைன் டிராப்', 'நோ சிங்க்' என்று ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். வீட்டுக்காரர் என்ன வார்த்தை சொன்னாரோ அதையே சொல்ல வேண்டும். எங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். 'சார்' என்றால் கோபம் என்று அர்த்தம்.

ஒரு நாள் நான் சொன்னேன்: "ஸ்ரீரங்கம், உத்திர வீதி மேடம். விட்டு விட்டு வருது."

"அது நீ சொல்றது. அவங்க என்ன சொன்னாங்க?"

"'காத்தால போறது, மத்தியானம் தானா வந்துடறது'ன்னாங்க. நானும் பல தடவை போயிட்டேன். போறப்பல்லாம் ஜோராத்தான் ஓடுது."

"எப்பப் போனே?"

"மத்தியானம்."

மேடம் டீயைத் தள்ளி வைத்தார். "வாங்க சார். காலைல காய்ச்சல் அடிக்குதுன்னு சொல்ற புள்ளைய மத்தியானம் போய் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க."

"காலைல உள்ள விட மாட்டேங்குறாங்க மேடம்!"

அதுதான் சிக்கல். அந்த வீட்டில் மூன்று பேர். வரதராஜன் சார், அவர் மனைவி வேதவல்லி மாமி, மகள் கோதை. வரதராஜன் சார் காலையில் குளித்ததிலிருந்து பெருமாளுக்குத் திருவாராதனம், அதாவது பூஜை, செய்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அதுவரை வெளி ஆட்கள் கூடத்துக்குள் வரக் கூடாது. மடி என்று அந்த வீட்டில் அது வழக்கம். இன்டர்நெட் போவதும் சரியாக அந்த நேரத்தில்தான். மடி முடிந்து கதவு எங்களுக்குத் திறக்கும்போது இன்டர்நெட்டும் வந்துவிடும்.

கோதை கணக்குப் படித்தவர். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு அங்கே சாயங்காலம், இவருக்கு இங்கே விடியற்காலை. சோதனைக் காலம்தான், இன்னும் உறுதியாகவில்லை. வகுப்பு நடுவில் அறுந்து அறுந்து போனதால், "வெள்ளிக்கிழமை நாங்களே உட்கார்ந்து பார்க்கிறோம். அன்றைக்கும் போனால் இந்த வேலை சரிவராது" என்று சொல்லிவிட்டார்களாம்.

"இது போச்சுன்னா மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல கூப்பிடறா, அங்கதான் போகணும்" என்று கோதை என்னிடம் சொன்னார். "நேக்குப் பாடம் சொல்லித் தரதுதான் பிடிச்சிருக்கு. இந்தாத்துலேர்ந்தே சொல்லித் தரதுன்னா இன்னும் பிடிச்சிருக்கு. எப்படியாவது பாருங்கோ."

மேடம் முதலில் தண்ணீர் மோட்டார் மேல் சந்தேகப்பட்டார். மோட்டார் ஓடும்போது சில வீடுகளில் லைனில் இரைச்சல் ஏறும். ஒரு நாள் காலையில் மோட்டாரே போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் மாமி போனில் பிடித்துக்கொண்டார்: "இன்டர்நெட்டும் இல்லே, குழாய்ல தீர்த்தமும் இல்லே, ஸ்நானத்துக்குக் கிணத்துலேர்ந்து சேந்தினோம். இன்னும் எதை நிறுத்தணும்னு சொல்லுங்கோ, அதையும் நிறுத்திடறேன்."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மத்தியானமாகப் பார்த்து வரதராஜன் சாருக்குத் தானே போன் போட்டார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வழக்கம் அப்படிம்மா" என்றார் அவர். "மனசுல ஒண்ணும் நினைச்சுக்கப்படாது."

"நினைக்கல சார். எங்க வீட்லயும் தொழுகை நேரத்துல மீட்டர் பாக்க வந்தா வாசல்லதான் நிக்கணும். எங்க தம்பி எது வரைக்கும் வரலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

"ரேழி வரைக்கும் வரலாம்."

"ரேழி போதும் சார்."

எனக்கு ரேழி போதுமா என்று மேடம் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய்விட்டேன். தெருக் கம்பத்துப் பெட்டியில் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. ரேழியில், அதாவது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் நடையில், லைன் வீட்டுக்குள் நுழையும் பெட்டி. அங்கேயும் சுத்தம். ஆகவே நோய் வீட்டுக்குள்தான். உள்ளே நுழைய எனக்கு அனுமதி இல்லை.

ஆனால் ஸ்ரீரங்கத்து வீடு ரயில் பெட்டி மாதிரி. ரேழியில் நின்றால் கதவுக்குப் பின் கதவாகக் கொல்லைப்புறம்வரை தெரியும். கூடத்தை ஒட்டிய உள் அறையில் கோதை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் மேடையில் மோடம். நான் கேட்டுக்கொண்டபடி விளக்குகள் என் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். பச்சை நின்று எரிந்தது. ரேழிப் பெட்டியில் டெஸ்ட் போனை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டேன். கம்பிக்குள் அமைதி.

வகுப்பு ஆரம்பித்தது. கோதை இங்கிலீஷில் ஒரு தோசையை எட்டுத் துண்டாக வெட்டிப் பின்னம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோதே, கொல்லையிலிருந்து வரதராஜன் சார் வந்தார். இடுப்பில் முதல் நாள் உலர்த்திய மடி வேட்டி. கையில் ஒரு நீளக் கோல், கோலின் நுனியில் அப்போதுதான் நனைத்துப் பிழிந்த இன்னொரு வேட்டி. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கூடத்தின் உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் கழி தொங்கியது, யார் கையும் எட்டாத உயரத்தில். மடித்துணி காயும் கழி அது. அவர் கோலைத் தூக்கி வேட்டியை அதன்மேல் போட்டு, கோலாலேயே இழுத்து இழுத்து விரித்தார்.

என் காதுக்குள் கடுகு வெடித்தது.

பச்சை விளக்கு ஒரு தடவை தடுமாறியது. பிறகு மினுக்க ஆரம்பித்தது. "ஒன் மினிட், ஒன் மினிட்..." என்ற கோதையின் குரல், உடனே தமிழில்: "ஐயோ, போயிடுத்தே!"

அப்போதுதான் கழியைச் சரியாகப் பார்த்தேன். கழியோடு கழியாக, அதே பழுப்பு நிறத்தில் ஒரு வயர். ரேழியிலிருந்து உள் அறைக்குப் போகும் எக்ஸ்டென்ஷன். தினமும் தண்ணீர் விட்டு அலம்பும் தரையில் வயர் கிடக்கக் கூடாது, கூடத்துச் சுவரில் ஆணியும் அடிக்கக் கூடாது என்று என்றைக்கோ கழியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வெறும் போன் பேச்சாக இருந்தவரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்டர்நெட்டையும் அந்த வீட்டில் சாயங்காலம்தான் பார்ப்பார்களாம். காலை வகுப்பு வந்த பிறகுதான் ஈரமும் இன்டர்நெட்டும் நேருக்கு நேர் சந்தித்தன.

"சார்!" என்று ரேழியிலிருந்து கத்தினேன். "அந்த வேட்டியை எடுங்க சார்! வேட்டியை!"

வரதராஜன் சார் திரும்பி, இடுப்பில் இருந்த வேட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். சமையலறையிலிருந்து, அவர்கள் பாஷையில் மடைப்பள்ளியிலிருந்து, மாமியின் குரல்: "என்ன சொல்றான் அந்தப் பிள்ளை?"

"கழியில கிடக்கே, ஈர வேட்டி! கீழ வயர் இருக்கு சார். தண்ணி அதுல இறங்குது. அதான் உங்க பொண்ணுக்குக் கிளாஸ் போயிடுச்சு!"

அவர் கழியைப் பார்த்தார். மகள் இருந்த அறையைப் பார்த்தார். மறுபடி கழியைப் பார்த்தார். கோலை நீட்டி வேட்டியைத் தூக்கினார்.

காதில் வெடித்த கடுகு அடங்கியது. விளக்கு மினுக்கியது, மினுக்கியது, மினுக்கியது. அந்த ஒரு நிமிடம் மாதிரி நீளமான நிமிடத்தை நான் வேலையில் பார்த்ததில்லை. நின்றது. "யெஸ், யெஸ், ஐ ஆம் ஹியர்" என்றார் கோதை. "தோசையில் எத்தனை துண்டு மிச்சம்?"

வரதராஜன் சார் கோலை இறக்கப் போனார். "இறக்கிடாதீங்க சார்! கழியில எங்க போட்டாலும் வயர்தான்."

அவர் தரையைப் பார்த்தார், மாட்டேன் என்று தலையாட்டினார். நாற்காலியைப் பார்த்தார், அதற்கும் தலையாட்டினார். நான் ஒரு ஆர்வத்தில் "என் கையில குடுங்க சார்" என்று நீட்டிவிட்டேன். இரண்டடி பின்னால் போய்விட்டார். வயரை மாற்றலாம் என்றால் விளக்கு அணையும். மோடத்தை ரேழிக்குக் கொண்டுவரலாம் என்றால் முதலில் கழற்ற வேண்டும். வகுப்பு நடக்கும்போது எதையும் தொட முடியாது. ஆகவே அவர் அப்படியே நின்றார். இரண்டு கையாலும் கோலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தேரில் கொடி பிடித்தவர் மாதிரி.

மாமி தன் பங்குக்கு ஒன்பது கஜத்தைச் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ம்ம்ம்!" என்றார் வரதராஜன் சார்.

"என்ன ம்ம்ம்?"

"மாமி, புடவையைக் கழியில போட்டுடாதீங்க" என்றேன். "கிளாஸ் முடியட்டும்."

"எத்தனை நாழி இப்படியே நிக்கறது? பெருமாள் இன்னும் பட்டினின்னா இருக்கார்!"

வரதராஜன் சார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது. வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் தலையிலும் தோளிலும் விழுந்து இடுப்பு மடி வேட்டிவரை நனைத்தது. கைகள் ஓய்ந்தபோது கோலின் அடியை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு குழந்தை எட்டில் மூன்று போனால் ஐந்து என்று சொல்லிவிட்டதற்குக் கோதை கைதட்டினார். மாமி புடவையை வாளிக்குள் திருப்பிப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் டெஸ்ட் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் என்ன ஆகிவிடுமோ என்று பயம்.

வகுப்பு முடிந்து கோதை ஓடிவந்தார். "அப்பா, திங்கக்கிழமைலேர்ந்து ரெகுலர்னு சொல்லிட்டா! இன்னொரு பேட்ச்சும் தரா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்ப்பா இப்படி நிக்கறே? மேலெல்லாம் ஈரம்..."

வரதராஜன் சார் மெதுவாகக் கோலை இறக்கினார். வேட்டி கழியில் விழுந்தது. பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது. இப்போது யாருக்கும் கவலை இல்லை. அவர் மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கிணற்றடியைப் பார்த்து நடந்தார், மடி போய்விட்டதால் மறுபடி முதலிலிருந்து குளிக்க.

பூஜை மணிச் சத்தம் கேட்டு ஓய்ந்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஏணி போட்டுப் பார்த்தேன். வருடக்கணக்காகக் கோல் உரசி உரசி, வயரின் தோல் கழி நெடுக உரிந்துபோயிருந்தது. அங்கங்கே இரண்டு செம்பும் பக்கத்துப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. ஈரத்துணி விழுந்தால் பாலம் போட்ட மாதிரி. அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஆணி அடிக்காமல், உத்தரத்தின் மறுபக்கமாகப் புது வயர் கட்டினேன். மாமியின் புடவையைக் கழியில் போடச் சொல்லிப் பார்த்தோம். விளக்கு அசையவில்லை.

வேலை முடிந்து கை கழுவியதும் வரதராஜன் சார் வாழையிலை போட்டுத் தானே பொங்கல் பரிமாறினார்.

"என்னால பூஜை ரொம்ப லேட் ஆயிடுச்சுங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஆயிடுத்து" என்றார். "இத்தனை வருஷத்துல பெருமாளை நான் காக்க வெச்சதே இல்லே. கொழந்தை பாடம் சொல்லிண்டிருந்தா, அதனாலதான்னு விண்ணப்பம் பண்ணிண்டேன்."

"அவர் என்ன சொன்னார் சார்?"

"அவர் என்ன சொல்லப் போறார்? ஆனா என்னமோ, இன்னிக்கு வழக்கத்தைவிட நன்னா அமுது செஞ்சார்னு தோணறது."

மடைப்பள்ளிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது: "அத்தனை நாழி பசியோட காக்க வெச்சா, யார்தான் நன்னா சாப்பிட மாட்டா?"